மேலுதடு கூடும் வாரம்

கரு உண்டாகி ஏழு வாரம் முடிவதற்குள் மனிதக் குழந்தையின் மேலுதடு கூடிவிடுகிறது. நெற்றிப் பக்கத்திலிருந்து ஒரு மேடு கீழே இறங்குகிறது. இரண்டு கன்னங்களிலிருந்தும் இரண்டு மேடுகள் நடுவை நோக்கி வளர்கின்றன. அவை தொட்டு ஒட்டிக்கொண்டால் உதடு. ஒன்று பின்தங்கிவிட்டால் பிளவு. என் அக்காவுக்குக் குழந்தை பிறந்த பிறகு இந்தச் சில வாக்கியங்களை எங்கள் லைனில் நான் சொல்லாத வீடு கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், கோரமண்டல் பக்கத்து லைனில், வரிசையின் கடைசி. நைனா, என் அப்பா, சுரங்கத்து ஷாஃப்டில் மணி அடிக்கிறவர். ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஆள் ஏறிவிட்டானா, இறக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பதை மேலே எஞ்சின் ஓட்டுகிறவருக்கு மணியால் சொல்வது அவர் வேலை. அம்மா வீட்டு வேலை. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பள்ளிக்கூடம் போனதில்லை. காலையில் குழாயில் குடம் போட்டு இடம் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அது அவள். அவள் நின்றதால் நான் போனேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். பெங்களூரில் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்தபோது லைனே என்னை மாரிக்குப்பம் ரயிலில் ஏற்றிவிட வந்தது. எனக்குக் கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்குக் கருவியல் வந்தது. கோழிமுட்டையை அடைகாக்கும் பெட்டியில் இரண்டரை நாள் வைத்து, ஓட்டில் சன்னல்போலச் சிறிதாக வெட்டித் திறந்து பார்ப்போம். மஞ்சள் கருவின் மேல் ஒரு நூலிழை அளவு உடம்பு. அதில் சிவப்பாக ஒரு புள்ளி துடிக்கும். முதல் தடவை பார்த்தபோது என் பக்கத்தில் நின்ற பெண் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. எனக்கு அந்தத் துடிப்பைவிட அதற்கு முன்னால் நடந்ததுதான் ஆச்சரியமாக இருந்தது. எல்லாச் செல்லும் ஒரே செல்லிலிருந்து வந்தவை. பிறகு எது இதயமாவது, எது தோலாவது என்று யார் முடிவு செய்தது?

யாரும் தனியாக முடிவு செய்வதில்லை என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு செல் என்னவாகிறது என்பதில் பாதி அதன் பக்கத்துச் செல் அனுப்பும் செய்தி. கண்ணுக்கான கிண்ணம் உள்ளேயிருந்து வளர்ந்து வந்து தலைத்தோலைத் தொடுகிறது. தொட்ட இடத்துத் தோல் லென்ஸாக மாறுகிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டால் அது வெறும் தோலாகவே இருந்துவிடும். சில தவளைகளில் அந்தக் கிண்ணத்தை வேறு இடத்துத் தோலுக்கு அடியில் வைத்தால் அங்கேயும் லென்ஸ் வருகிறது. ஆனால் அந்தத் தோல் இளசாக இருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து வைத்தால் அதே செய்தி, அதே தோல், ஒன்றும் நடக்காது. நூலகத்தில் நானாகத் தேடி ஒன்று படித்தேன். சுண்டெலியின் எச்சில் சுரப்பியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண் ஒரு வாரத்தில் திறந்துவிட்டது. பல்லும் சீக்கிரம் முளைத்தது. நரம்பை வளரச் சொல்லும் பொருள் ஒன்றையும் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். வளரச் சொல்வதற்கு உடம்புக்குள் தூதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரும் நேரம், அளவு, யார் கேட்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஓர் உயிரின் முகம் அமைகிறது. இதைப் படித்த அன்று விடுதிக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் உட்கார முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதை அடுத்து வந்த விடுமுறையில்தான் கிரகணம் வந்தது. சூரியனில் கால்வாசி மறையும் சின்னக் கிரகணம். அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். இரண்டு லைன் தள்ளித்தான் அவள் புகுந்த வீடு.

நாங்கள் பௌத்தம் ஏற்ற குடும்பம். நைனா அதில் கண்டிப்பானவர். அக்காவின் மாமியார் வீடும் அப்படித்தான், பெயருக்கு. அவர்கள் வீட்டில் புத்தர் படத்தைத் தள்ளிப் பார்த்தால் பின்னால் அம்மன் படம் இருக்கும். கிரகணத்தன்று எங்கள் ஆட்கள் வேண்டுமென்றே அடுப்பு மூட்டிச் சமைத்து, வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமாகியிருந்தது. மற்ற லைன்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சன்னல் வழியாகப் பார்ப்பார்கள். ஆனால் அன்றுவரை எந்தக் கர்ப்பிணியும் வெளியே உட்கார்ந்ததில்லை. அந்த ஒரு இடத்தில் எங்கள் ஆட்களுக்கும் தைரியம் வரவில்லை.

நான் அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

"வெளிய வா. உக்காந்து பூசணிக்காய் அரி."

"இன்னாடி, வம்புக்கு இழுக்கறியா?" என்று சிரித்தாள்.

அவள் மாமியார் உள்ளேயிருந்து, "ஏம்மே காலேஜு, உன் படிப்பை உன் வயித்துல காட்டு. எங்க வூட்டுப் புள்ள மேல காட்டாத" என்றாள்.

"அத்த, நிலா சூரியனுக்குக் குறுக்க வருது. அதுக்கும் வயித்துப் புள்ளைக்கும் இன்னா சம்பந்தம்?"

"வெட்டுனா வெட்டுப்படும். மூளி உதடா பொறக்கும். எங்க ஊர்ல நான் ரெண்டு பாத்துகீறேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மாமியாரைப் பார்க்கவில்லை. "தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்த" என்று அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நடுவெயிலில், கால் நீட்ட முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து ஒரு முழுப் பூசணியை அரிந்தாள். நைனா ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம், "பாத்தியா, என் பொண்ணுங்க" என்றார். எதிர் லைனில் சன்னல்கள் நிறைய முகம். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் கழித்துக் குழந்தை பிறந்தது. பெண். மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் திறந்திருந்தது.

நான் பரீட்சை முடிந்து அன்று காலைதான் வந்திருந்தேன். ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனபோது அக்காவின் மாமியார் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணியை விலக்கிக் காட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அன்றைக்கே எனக்கு ஒரு வேலை ஆரம்பமாகிவிட்டது. ஆறாம் மாதத்தில் நடந்த ஒன்றால் இரண்டாம் மாதத்தில் முடிந்துவிட்ட காரியம் கெடாது. அரிவாள்மணை எடுப்பதற்கு நான்கு மாதம் முன்பே அந்த உதடு கூடாமல் போயிருந்தது. இதை நிரூபிக்க வேண்டும். ஐந்து வாரத்து முகம், ஆறு வாரத்து முகம், ஏழு வாரத்து முகம் என்று பாடப்புத்தகத்தைப் பார்த்துப் பெரிய தாளில் படம் போட்டேன். மேடுகளுக்கு வண்ணம் கொடுத்தேன்.

நைனாவுக்குத்தான் முதலில் காட்டினேன். அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு மணி கிடைத்தது. "நீங்க மணி அடிக்கிறீங்க. எஞ்சின் ஓட்டுறவருக்குக் கேஜு கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியாது. மணியைத்தான் நம்பணும்."

"அது மாரிதான் நைனா. கன்னத்து மேட்டுல இருக்கிற செல்லுக்கு எதுவும் தெரியாது. மேல இருக்கிற தோல்லயிருந்து, பக்கத்துலயிருந்து சேதி வரணும். வளரு, வளருன்னு. வந்தா வளரும். ரெண்டும் தொட்ட எடத்துல நடுவுல இருக்கிற தோலு கரைஞ்சு வழி வுடணும், அதுக்கும் ஒரு சேதி. எங்கியோ ஒரு சேதி கொறைஞ்சு போச்சு. இல்ல, ஒரு நாள் லேட்டு."

நைனா படத்தை வெகுநேரம் பார்த்தார். "அப்போ மணி சரியா அடிக்கலன்ற."

"ஆமா."

"ஏன் அடிக்கல?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாது."

"கீழேர்ந்து மணி வரலன்னா நாங்க ஆளை எறக்கிப் பாப்போம்" என்றார். "நீங்க இன்னா பண்ணுவீங்க?"

நான் படத்தைச் சுருட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அக்கா, அம்மா, அக்காவின் மாமியார், நான். நர்ஸ் நடுத்தர வயதுக்காரர், எந்த அவசரத்திலும் குரல் உயராது. உதட்டைத் தைத்து விடலாம், பெங்களூரில் செய்வார்கள், ஆனால் மயக்கமருந்து தாங்க உடம்பில் எடை வேண்டும், பத்து பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ, வந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அக்கா அன்றுதான் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "தெச்சா தெரியாதாம்மா?" என்று கேட்டாள். "கோடு மாதிரி இருக்கும், பொண்ணு வளர வளர மங்கும்" என்றார் நர்ஸ். அந்த நிமிடத்திலிருந்து அக்காவுக்கு உலகத்தில் வேறு கணக்கே இல்லை. பத்து பவுண்டு. அவ்வளவுதான்.

"பால் குடுக்கிறதுலதான் எல்லாம் இருக்கு" என்று நர்ஸ் ஆரம்பித்தார்.

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "இவ கிட்ட சொல்லுங்க சிஸ்டரம்மா, இவ படிச்சவ. எங்களுக்கு இவ சொல்லுவா."

நர்ஸ் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அண்ணம் திறந்திருப்பதால் உறிஞ்ச வராது என்றார். நான் இடைமறித்தேன். எனக்குத் தெரியும் என்றேன். நான் பி.எஸ்ஸி. விலங்கியல், கருவியல் படிக்கிறேன் என்றேன். முகத்து மேடுகளைப் பற்றி நானே ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். கிரகணத்தால் இப்படி வராது என்று இவர்களிடம் நீங்கள் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டேன். எனக்கு அவரிடமிருந்து வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவர் என்னைப் பார்த்தார். "பால் கொடுக்கிற விதமும் தெரியுமில்லையா?"

"தெரியும்" என்றேன்.

அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் அக்காவின் மாமியாரிடம், "கிரகணமெல்லாம் இல்லம்மா, இது யாருக்கும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். வெளியே வரும்போது அக்கா, "பாலைப் பத்தி இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். "உறிஞ்ச முடியாதாம். பீச்சி பாலாடையில புகட்டணும்" என்றேன். அது எனக்கே தோன்றியது. பாலாடை, அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், சரிதான். அதில் எப்படிப் புகட்டுவது என்பதைத்தான் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் லைன்களில் பாலாடையில் புகட்ட ஒரே வழிதான் உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் குழந்தையை மல்லாக்கப் போட்டு, தலை பாதத்தின் பக்கம் தாழ்ந்திருக்க, பாலாடையின் மூக்கை வாயில் வைத்துச் சாய்ப்பது. விளக்கெண்ணெய் கொடுப்பதும் அப்படித்தான், மருந்து கொடுப்பதும் அப்படித்தான். நானும் அக்காவும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அம்மா அப்படியே புகட்டினாள். பிறகு அக்கா கற்றுக்கொண்டு அவளே புகட்டினாள். பால் மூக்கு வழியாக வந்தது. குழந்தை திணறி நீலமாகி, பிறகு இருமி, பிறகு அழும். ஆறு முறை புகட்டினால் ஒரு முறை உள்ளே போகும்.

நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணம் கூடவில்லை, அதனால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் சுவர் இல்லை, அதனால் வருகிறது என்று எனக்குப் புரிந்திருந்தது. புரிந்ததோடு நின்றுவிட்டேன். குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால் பால் கீழே இறங்கும் என்பதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. தண்ணீர்க் குடம் தூக்குகிற யாருக்கும் தோன்ற வேண்டியது. எனக்குத் தோன்றவில்லை. என் மனசெல்லாம் எதிர் லைன் சன்னல்களில் இருந்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் குழந்தையை ரேஷன் கடைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். கடைக்காரர் காகிதம் விரித்துக் கொடுத்தார். முதல் வாரம் பிறந்த எடையிலிருந்து குறைந்திருந்தது. "மொதல்ல கொறையும், அப்புறம் ஏறும்" என்றார் கடைக்காரர், அவருக்கும் தெரிந்ததுபோல. இரண்டாம் வாரமும் குறைந்தது. அக்கா தராசைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தரம் போடுங்கண்ணே" என்றாள். அவர் மூன்று தரம் போட்டுக் காட்டினார்.

கல்லூரி திறந்தது. நான் போய்விட்டேன். போகும்போது குழந்தையின் நெஞ்சில் ஒரு கரகர சத்தம் இருந்தது. சளி என்றார்கள்.

ஒரு வாரத்தில் தபால் அட்டை வந்தது. வீட்டில் யாருக்கும் எழுத வராது. பக்கத்து லைன் பையன் யாரோ எழுதியிருந்தான். குழந்தை ஆஸ்பத்திரியில் தவறிவிட்டது, அடக்கம் முடிந்தது, நீ பரீட்சையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று நைனா சொன்னதாக இருந்தது. அப்போது பரீட்சை எதுவும் இல்லை. நைனாவைப் பொறுத்தவரை எனக்கு எப்போதும் பரீட்சை.

மறுநாள் போனேன். இரண்டு நாள் கழித்து மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் குழந்தையின் சாவுக் காகிதம் வாங்க வேண்டும் என்று துணைக்குக் கூப்பிட்டார். அவர் வாசல் அறையில் வரிசையில் நின்றார். நான் வார்டு வராந்தாவில் நின்றேன். அந்த நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டு வெளியே வந்தார்.

"கேள்விப்பட்டேன். நெஞ்சுல பால் எறங்கிடுச்சுன்னாரு டாக்டர்." சற்று நிறுத்தினார். "உக்கார வச்சுத்தானே குடுத்தீங்க?"

நான் மாமா நின்ற வாசல் அறைப் பக்கம் பார்த்தேன்.

"நிமித்திப் பிடிச்சு, கன்னத்து ஓரமா, கொஞ்சம் கொஞ்சமா. ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி, ஏப்பம் எடுத்து. படுக்க வச்சா நேரா நுரையீரலுக்குத்தானே போகும். உங்களுக்குத் தெரியும்னு சொன்னீங்களே."

அவர் குற்றம் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியும் என்றே அவர் நம்பியிருந்தார். அதனால் வேறு காரணம் ஏதாவது இருக்குமோ என்று என்னிடமே கேட்டார். "அப்படித்தான் குடுத்தோம் சிஸ்டர்" என்றேன். அதுவும் பொய்.

திரும்பி வரும் வழியில் மாமா, "இன்னா சொன்னாங்க?" என்றார். "ஒண்ணுமில்ல, வருத்தப்பட்டாங்க" என்றேன்.

லைனில் எல்லோரும் இன்றுவரை அது கிரகணக் குழந்தை என்கிறார்கள். அக்காவின் மாமியார் என்னோடு பேசுவதில்லை. நான் இப்போது யாரிடமும் வாதாடுவதில்லை. வாதாடினால் ஜெயித்துவிடுவேன், அதுதான் பயம். ஜெயித்தால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியை இதுவரை ஒருத்திதான் கேட்டாள்.

போன மாதம் பட்டப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். அக்கா மறுபடி முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதம் முடிந்திருக்கிறது. அதாவது இந்தக் குழந்தையின் உதடு கூடியிருந்தால் கூடிவிட்டது, இல்லையென்றால் இல்லை. ஒரு வீட்டில் ஒருமுறை வந்தால் மறுமுறை வரவும் வாய்ப்புண்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள்தான் பேசினாள். அவள் வீட்டு வாசலில் இருவரும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம்.

"நான் யோசிச்சுப் பாத்தேன்டி. நீ சொன்னதுதான் சரி. கிரகணம் இல்ல. ஆறாம் மாசத்துல பூசணிக்காய் அரிஞ்சா உதடு எப்பிடிப் பொளக்கும்?"

நான் எத்தனை மாதம் ஏங்கிய வாக்கியம் அது. கை நின்றுவிட்டது.

"உதடு பொளந்ததுக்குச் செத்துடாதுன்னு சிஸ்டரம்மாவும் சொன்னாங்களே. தெச்சா கோடு மாரிதான்னாங்க. அப்போ அது இன்னாத்துல போச்சு?"

"சளி" என்றேன்.

"சளி எப்பிடிக் கட்டுச்சு? நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு உடனே பால் குடுத்தேன். அதுவா இருக்குமா?"

"இல்ல."

"இல்லன்னு உனக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். இந்த முறை உண்மையாகவே தெரியும்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முகம் லேசானதுபோல ஆகிவிட்டது. "நீ சொன்னா சரி. இத்தினி மாசமா அதையே நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, "இந்த வாட்டியும் நீயே வந்துடு. எதாச்சும்னா சிஸ்டரம்மா கிட்ட நீயே நின்னு கேட்டுச் சொல்லு. எங்களுக்கு அவங்க இங்கிலீசுல பேசறது ஒண்ணும் வெளங்காது" என்றாள்.

வருகிறேன் என்றேன். மாமியார் உள்ளேயிருந்து தண்ணீருக்கு நேரமாகிவிட்டது என்று கத்தினாள். அக்கா இடுப்பில் கை வைத்து மெல்ல எழுந்து குடத்தை எடுத்தாள். நான் பிடுங்கப் பார்த்தேன். "உக்காரு, உனக்கு வரிசையில நிக்கத் தெரியாது" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்ததும், நர்ஸ் பாலைப் பற்றிச் சொல்ல வந்ததை நான்தான் கேட்காமல் விட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என வாக்கியத்தை மனதுக்குள் அமைத்துப் பார்த்தேன். குடம் நிறைய தண்ணீரோடு அவள் வந்தாள். நான் பானையின் மூடியைத் திறந்து பிடித்தேன்.